பருத்திக்குன்றத்துப் பழஞ்சுவரும் நம் திருப்பணிகளும்

சைவசித்தாந்தத் திங்களிதழ் ஒன்றில் சமணர் கோயிலைப் பற்றி எழுதப் புகுவது எற்றுக்கு என்று வினவும் அன்பர் உளராவர். வினா முறையானதே. திருநாவுக்கரசு நாயனார் சூலைநோயுற்று மீண்ட வரலாற்றையும், ஆளுடைய பிள்ளையார் மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்த்திய வரலாற்றையும் ஓதி உளங்கசியும் நமக்குச் சமணம் புறச்சமயம். அதன் கொள்கையை நம் சாத்திரங்கள் எடுத்தோதி மறுத்திருக்கின்றன. அங்ஙனமாகவும், காஞ்சிக்கு அணித்தேயுள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலைக் கண்டு மீளுந்தோறும், நம் சிவாலயத் திருப்பணிகளைப் பற்றிய ஓர் உறுத்தல் எம் நெஞ்சில் மிகுந்துகொண்டே வருகின்றது. அதனை மறையாது எழுதிவிடுதலே நன்றெனத் துணிந்து இதனை எழுதலானோம்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியோசை கேட்டுக்கொண்டே நடப்பார் கச்சித் திருமேற்றளியைத் தொழலாம். மேலும் சென்றால் இராசசிம்ம பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயிலையும், கச்சியநேகதங்காவதத்தையும் காணலாம். அப்பால் நகரின் தென்மேற்கே, வேகவதியாற்றை யடுத்துள்ளது திருப்பருத்திக்குன்றம். சிவகாஞ்சி, விட்டுணுகாஞ்சி என்றாற்போல இதனைச் சினகாஞ்சி என்பர். இவ்வூரின் பழமை சிறிதன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளன்கோயிலிற் கிடைத்த செப்பேடு, சிம்மவிட்டுணுவின் தந்தையாகிய சிம்மவர்ம பல்லவன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்னும் குரவர்க்குப் பள்ளிச்சந்தமாக நிலமளித்த செய்தியைக் கூறுகின்றது. அஃது ஆறாம் நூற்றாண்டுச் செய்தி. நம் அப்பரடிகள் பிறப்பதற்கு முன்னரே இங்கே சமணப் பள்ளி யொன்று இருந்த தென்க.

இன்று அங்குள்ளவை இரண்டு கோயில்கள். சந்திரப்பிரபர் கோயில் சிறிது. மணற்கல்லாலாய பல்லவர் காலத்துக் கட்டடம். கீழ்நிலை அடைக்கப்பட்டுக் கருவறை மேல்நிலையில் உள்ளது. மற்றது திரைலோக்கியநாதர் கோயில். வர்த்தமானர், புட்பதந்தர், தருமதேவி ஆகியோர்க்கும், பத்மபிரபர், வாசுபூஜ்யர், பார்சுவநாதர் ஆகியோர்க்கும் அதன்கண் தனித்தனிக் கருவறைகள் உண்டு. சோழர் கல்வெட்டும் விசயநகரர் கல்வெட்டும் அதன்கண் உள்ளன. வர்த்தமானர் கருவறை பின்புறம் வளைந்து, படுத்த யானையின் முதுகு போன்ற தூங்கானை மாட வடிவினது. இதனைக் காணும் சைவர்க்குப் பெண்ணாகடம் நினைவிற்கு வாராதிராது. சமண் சார்ந்த உடலோடு உயிர்தரியேன் என்று அப்பரடிகள் வேண்டித் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்றது திருத்தூங்கானைமாடத்தில். நம் மெய்கண்டதேவர் தோன்றியதும் அவ்வூரே. அம்மாடத்தின் பெயர் குறிக்கும் வடிவமே இங்கே வர்த்தமானரையும் தாங்கி நிற்கின்றது. தச்சர்க்குச் சமயம் இரண்டாயிருந்ததில்லை போலும்.

கோயிலின் முன்னுள்ள சங்கீத மண்டபமே இக்கட்டுரைக்கு முதற்பொருள். விசயநகரத்து இரண்டாம் அரிகரன் காலத்தில் தண்டநாயகனா யிருந்தவன் இருகப்பன். நாநார்த்த ரத்நமாலை என்னும் வடமொழி நிகண்டை இயற்றியவனும் இவனே. அம்பி யென்னும் விசயநகரத் தலைநகரில் 1385-ல் குந்துநாதர்க்குக் கோயில் எடுத்தவனும் இவனே. இக்கோயிலுக்கு 1382-ல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அளித்தான். 1387-ல் தன் ஆசிரியராகிய புட்பசேன முனிவர் ஏவ, இம்மண்டபத்தை எடுத்தான். மண்டபத்தின் விதானமெங்கும் ஓவியம். இருடபதேவர் வரலாறும், வர்த்தமானர் வரலாறும், நேமிநாதர் வரலாறும் வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்றுள்ளன. நேமிநாதர் கண்ணனுக்கு உறவினராகச் சமண நூல்களிற் சொல்லப்படுதலின் கண்ணனுடைய இளமை விளையாட்டுக்களும் இடையிலே வருகின்றன. ஒவ்வொரு காட்சியின் கீழும் இன்னது இது வென விளக்கும் சிறு குறிப்புக்கள் தமிழில் எழுதப்பட்டுள்ளன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து தி. நா. இராமச்சந்திரன் அவர்கள் 1934-ல் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலை வாயிலாக ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்நூலைக் கையிற்கொண்டு விதானத்தை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும்: ஓவியம் ஒரு காலத்த தன்று. இருகப்பன் காலத்தை ஒட்டிய பழைய படை ஒன்று. அதன்மேல் இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்துப் பிறர் தீட்டிய புதுப்படை மற்றொன்று.

பழைய படையிற் சிற்சில துண்டங்களே எஞ்சியுள. ஆயினும் அவற்றின் கோடு உயிருள்ளது. வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது. புதுப்படையில் உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். முகங்கள் ஓரச்சில் வார்த்தன போல்வன. கதை சொல்லும் ஆர்வமே மிக்கிருக்கும். பிற்காலத்து ஓவியன் பத்தியில்லாதவன் அல்லன். மங்கிப்போன தன் தெய்வத்தின் சரிதையை விளங்கச் செய்ய விழைந்தான், விளங்கச் செய்தான், அவ்விளக்கத்தினாலேயே முன்னோன் கை மறைந்தது. திருப்பணி என்னும் செயலில் இயல்பாக அமைந்துள்ள இடர் முழுவதும் இவ்வொரு விதானத்திற் காணக் கிடக்கின்றது. கெடுப்பவன் பகைவனாயின் நாம் எதிர்த்து நிற்போம். கெடுப்பவன் அன்பனாயிருக்குமிடத்து என் செய்வது? இனி, அப்புதுப்படைக்கே இப்பொழுது முந்நூறாண்டு அகவை யாகிவிட்டது. அதனைச் சுரண்டிப் பழையதைக் காண்போம் என்று இன்று ஒருவர் எழுவாராயின் அவரும் அவ்வோவியனைப் போன்றே ஒரு காலத்தின் கையை அழித்தவராவர்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இவ்விடர்க்கு ஒருவழி கண்டனர். திருச்சுற்று அறையில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியிலே சோழர் ஓவியம் இருத்தலை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் 1931-ல் கண்டு வெளிப்படுத்தினார்கள். பின்னர்த் தொல்லியலார் மேற்படையைச் சுண்ணப் பூச்சோடு பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டித் தனியே காத்தனர். அடிப்படையும் வெளிப்பட்டது, மேற்படையும் அழியவில்லை. அவ்வாண்டிலேயே காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சிற்றறைகளிலும் பிற்காலத்துச் சுதையின் அடியிலிருந்து பல்லவர் ஓவியம் சூவோ-துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ணிற்பட்டது. நம் முன்னோர் நினைத்துச் செய்ததோ நினையாது செய்ததோ, அங்கே மறைத்த பூச்சே காப்பாகவும் நின்றது. பூசியது சுண்ணமாதலின் அவ்வாறாயிற்று. இக்காலத்துச் சீமைச்சுண்ணமாகிய சிமிட்டியாயிருந்தால் பெயர்க்கும்போதே ஓவியமும் உடன் வந்திருக்கும்.

இனி முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். புறச்சமயத்தார் கோயில் நிலைத்தலில் சைவர்க்கு என்ன அக்கறை? சிவஞானசித்தியாரை ஆசிரியர்பால் பாடங்கேட்டார் அதன் பரபக்கத்தின் அமைப்பை அறிவர். அருணந்தி சிவாசாரியார் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பிறர் மதங்களை மறுக்கப் புகுந்தபோது, மறுப்பை உடனே தொடங்கிவிடவில்லை. ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாய்மொழியாகவே, அவரே ஒப்புக்கொள்ளும்படி, முதலில் நிறுவுகின்றார். அதன் பின்னரே மறுக்கின்றார். சமணராகிய நிகண்டவாதிக்கும் ஆசீவகனுக்கும் அவ்வாறே இடந்தந்தார். எதிரியின் மதத்தைச் சிதைத்தும் குறைத்தும் கூறிவிட்டு மறுப்பது வாதமாகாது என்பது நம் ஆசாரியர் கண்ட நெறி. அந்நெறி ஏட்டோடு நின்றுவிடுமோ? நூலின்கண் எதிரியின் சொல்லைச் சிதையாமற் காத்த சமயம், நிலத்தின்கண் அவன் எடுத்த கல்லையும் சிதையாமற் காத்தற்கு உரியது. பருத்திக்குன்றத்துக் கோயில் இல்லையாயின் நம் நாயன்மார் யாரோடு வாதிட்டனர், அவர் எத்தகையோர், எத்துணைக் கலைவல்லார் என்பதற்குக் காஞ்சியிற் கண்கூடான சான்று அருகிப்போம். வென்றோர் பெருமை தோற்றோர் சிறுமையால் வளர்வதன்று.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. அப்பரடிகளின் வழிநின்று சிவநெறி சார்ந்த பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் பெருமானே கூறுகின்றார். அப்பள்ளி எளிய பள்ளியன்று. லோகவிபாகம் என்னும் நூலைச் சருவநந்தி முனிவர் சக ஆண்டு 380-ல், அஃதாவது கி.பி. 458-ல், பாடலியிலிருந்து எழுதினார் என்று அந்நூல் வழக்கே சொல்லும். இப்போது அங்கே நமக்குக் காணக் கிடைப்பது ஒன்றுமில்லை. சேக்கிழார் அச்செயலைச் சொல்லும் இடத்தைக் கூர்ந்து நோக்குக. அது காடவன் செயலாகவே சொல்லப்படுகின்றது. அப்பரடிகள் செயலாகச் சொல்லப்படவில்லை. அடிகள் கையிற் கொண்டது கடப்பாரை யன்று; உழவாரம். திருவீதியிலும் திருமுன்றிலும் முளைத்த புல்லைச் செதுக்கும் சிறு கருவி அது. அரசன் செய்தது ஒருநாட் செயல். அடிகள் செய்தது வாழ்நாட் செயல். நாம் யாரைப் பின்பற்றக் கடவேம் என்பதில் ஐயமுண்டோ? இதனை இவ்வாறு பிரித்துக் கூறுதல் சில அன்பர்க்கு உடன்பாடாகாது என்பதறிவோம். ஆயினும் சேக்கிழார் வாக்கு நமக்கு அளிக்கும் இடம் இதுவே.

பகையரசனும் காத்த கதை நம் காஞ்சியிலேயே உண்டு. சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டிற் காஞ்சியை வென்று புகுந்தான். இராசசிம்மேச்சரத்தின் செல்வத்தைக் கண்டான், கவர்ந்தானல்லன், பெருமானுக்கே மீள அளித்தான். அச்செய்தியைக் கன்னட எழுத்தில் அக்கோயில் மண்டபத் தூணொன்றிற் பொறித்தும் சென்றான். இன்றும் அத்தூண் கைலாசநாதர் கோயிலில் நிற்கின்றது.

எம்மனோர்க்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு உ. வே. சாமிநாதையர் அவர்கள். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பால் தமிழ் கற்றவர், சைவர். அவரே சமணர் காப்பியமாகிய சீவகசிந்தாமணியை 1887-ல் அச்சிட்டு உயிர்ப்பித்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்தம் சமயக் கோட்பாடுகளையும் குறியீடுகளையும் கேட்டுத் தெளிந்து, அதன் பின்னரே பதிப்பித்தார். தம் சமயத்திற்கு ஏற்பப் பாடத்தைத் திருத்தினாரல்லர். ஏடுகளில் வேறுபட்ட பாடங்களைக் கண்டவிடத்து அவற்றைப் பாடபேதமாகக் காட்டினார். சுவடி பெயர்த்தெழுதும் தொழிலிற் பழகியவர் யாவரும் அறிவர்: நூலுக்குக் கறையான் செய்யும் தீங்கைக் காட்டிலும் புலமை மிகுந்த ஏடெழுதுவோன் செய்யும் தீங்கு பெரிது. கறையான் அரித்த இடம் துளையாகத் தெரியும். அவன் தனக்குப் பொருள்படாத சொல்லை நீக்கிப் பொருள்படும் சொல்லைப் பெய்துவிடுவான். பெய்த இடம் பின்வருவார்க்குத் தெரியாது. கோயிற் கட்டடமும் அத்தகையதொரு சுவடியே. அதன் பாடத்தை நம் காலத்து மேஸ்திரிகள் திருத்திக்கொண்டிருக்கின்றனர், பாடபேதம் காட்டுவாரில்லை.

திருத்தும் வழிகள் பல. கற்சுவரின் மேல் மணலைக் காற்றழுத்தத்தால் வீசிப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக்குதல் ஒன்று. அழுக்கு நீங்கும், உடன் உளியின் தடமும் கல்வெட்டின் விளிம்பும் நீங்கும். இதனை அறநிலையத்துறை பின்னர்த் தடுத்தது. தடுக்குமுன் எத்துணை எழுத்துக்கள் மழுங்கின என்பதை யாரே கணக்கிடுவார்! பழஞ்சுண்ணச் சாந்தைப் பெயர்த்துச் சிமிட்டி பூசுதல் மற்றொன்று. சுண்ணாம்பைக் குளிரவைத்துக் கடுக்காய் நீரும் பனைவெல்ல நீரும் சேர்த்து அரைத்த சாந்து, சுவரிற் புகுந்த நீரை மெல்லமெல்ல வெளிவிடும். சிமிட்டி விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக் கொணர்ந்து, போக்கிடமின்றிக் கல்லையும் செங்கல்லையும் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். கைலாசநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் போல மணற்கல்லாலாய பல்லவர் கட்டடங்களுக்கு இத்தகைய பூச்சு நஞ்சு. கருங்கல் தூண்களுக்கு மினுங்கும் வண்ணம் தீட்டுதல், விமானத்துச் சுதையுருவங்களுக்குக் கடைத்தெரு நிறம் பூசுதல் முதலாயின கண்ணுள்ளோர் அறிந்தனவே. அவற்றை விரித்துரைத்து இதழின் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை.

தளம் உயர்த்துதல் என்னும் தீங்கைப் பற்றி மட்டும் எம் குற்றத்தையே சான்றாகக் கூறுவோம். ஊர் வேண்டா. யாம் தமிழாசிரியராய் இருந்த காலத்தில், மாலைவேளையில் ஒரு சிறு சிவாலயத்தின் மண்டபத்தில் சிறுவர்க்குத் திருமுறை பயிற்றி வந்தோம். கருவறையின் தென்புற அதிட்டானத்தில் குமுதத்தின்மேல் நான்கு வரிக் கல்வெட்டொன்று இருந்தது. நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடு விட்ட செய்தி. கொடுத்தவள் ஒரு பெண், அரசியுமல்லள், தேவியுமல்லள். சிறுவர்கள் பழைய எழுத்தைத் தடவித் தடவி அவள் பெயரைக் கூட்டிப் படித்து மகிழ்வர். அக்கோயிற்குத் திருப்பணி வந்தது. மழைநீர் தேங்குகின்றது என்று முற்றத்திற்கு மண்கொட்டி இரண்டடி உயர்த்தி, வழவழப்பான கற்பலகை பாவினர். கும்பாபிடேக மலருக்குச் சாற்றுகவி எழுதித் தந்தவன் யானே. திருப்பணிச் செல்வரைப் பாரியென்றும் ஓரியென்றும் புகழ்ந்தேன். குடமுழுக்கு நாளில் திருச்சுற்றை வலம்வந்தபோது தென்புறத்தில் ஒரு மாணவன் குனிந்து எதையோ தேடினான். குமுதம் தளத்தின் கீழ்ப் போயிருந்தது. எழுத்தும் அவள் பெயரும் உடன் போயின. படியெடுத்து வைக்கும் எண்ணம் பணி தொடங்குமுன் எமக்கு எழவில்லை. தேங்கிய நீரை வெளியேற்றப் பழைய தூம்பின் வாயைத் தூர்வாரியிருந்தாலே போதும் என்பது பின்னர்த் தெரிந்தது.

'முன்னோரும் செங்கற்கோயிலை இடித்துக் கற்றளியாக்கினரே. அவர் செய்தது திருப்பணி, யாம் செய்வது குற்றமோ?' என்பர் திருப்பணிக் குழுவினர். வலிய கேள்வி. அதற்கு விடை கல்வெட்டிலேயே உள்ளது. திருமழபாடியில் முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டிற் கருவறையைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, சுவரிலுள்ள கல்வெட்டுக்களை யெல்லாம் முதலிற் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். அவன் மகன் இராசேந்திரனது 14-ஆம் ஆண்டில் அப்புத்தகத்தைப் பார்த்து அவை மீளவும் கல்லிற் பொறிக்கப்பட்டன. திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுத்த ஞான்று, சிதறிக்கிடந்த கற்களிலிருந்த பல்லவர் பாண்டியர் காலத்து அறங்களைப் புதுச்சுவரிற் பொறிப்பித்து, அவை பழங்கற்படி என்னும் குறிப்பையும் உடன் இட்டனர். அக்குறிப்பின் நேர்மையை நோக்குக. 'இது யாம் செய்ததன்று. பழையதன் படி' என்று காண்பார்க்கு உணர்த்துகின்றது அது. பழங்கல்லை இழந்தனர் என்பது மெய்யே. அதனை யாம் மறைக்கவில்லை. இழந்ததை இழந்தோம் என்று எழுதிவைத்தனர். ஆயிரமாண்டு கழிந்தும் அவ்வறங்கள் நமக்குத் தெரிகின்றன. அச்சுப்பொறியும் புகைப்படமும் சட்டைப் பைக்குள்ளே அடங்கிவிட்ட நம் காலத்தில் நான்கு வரியைப் படியெடுக்க நேரமின்றிப் போயிற்று.

மற்றொரு சாரார் சப்பானியரைக் காட்டுவர். ஈசே என்னுமிடத்துப் பெருங்கோயிலை அவர்கள் 20 ஆண்டிற்கு ஒருமுறை புதுக்குகின்றனர். 2013-ல் 62-ஆம் முறை புதுக்கினர். ஆயின் அது மரக்கோயில். பக்கத்து நிலத்தில் அதே அளவில், அதே முறையில், அதே தச்சுமரபினர் எடுக்கின்றனர். புதியது முடியுமளவும் பழையது நிற்கும். அங்கே காக்கப்படுவது கைத்தொழில். நாமோ கல்லை இழந்ததோடு, சுண்ணம் அரைக்கும் கையையும் சுதைவேலை செய்யும் கையையும் கூலியின்றிக் கலைத்துவிட்டோம்.

நம் சிற்பநூல் கூறும் சீரணோத்தாரணமும் இதற்கு மாறானதன்று. மயமதத்தில் அதனைக் கூறும் இயல், உறுப்புக்களின் இலக்கணம் இன்னும் விளங்குகின்ற கோயிலை அதற்குரிய பொருளாலேயே, அதற்குரிய அளவிலேயே செப்பனிடுக என்று விதிக்கின்றது. கருங்கல் மதிலுக்குச் சிமிட்டி ஒட்டுப்போடுவார் ஆகம விதி என்று பேசும்போது அந்த இயலைப் படித்ததுண்டா என்று கேட்கத் தோன்றுகின்றது. சித்தாந்தத்தில் வைத்தும் எண்ணலாம். இறைவன் ஐந்தொழிலுள் படைத்தல் வேறு, காத்தல் வேறு. காத்தலாவது தோன்றிய பொருளை அதன் இயல்பிலேயே உரிய காலமளவும் நிறுத்துதல். நம் குழுவினர் படைத்தலைச் செய்துவிட்டுக் காத்தல் என்று பெயரிடுகின்றனர். இடையிலே ஒரு சிறு அழித்தலும் நிகழ்ந்துவிடுகின்றது.

சரியைத் தொண்டினைச் சித்தியார் சுபக்கம் எவ்வாறு தொடங்குகின்றது? திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல்; அதன் பிறகே மலர்கொய்தலும் மாலைதொடுத்தலும். இடித்துக் கட்டுதல் அவ்வரிசையில் இல்லை. திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியத்திற்கு வேண்டுவதும் அலகிடுதலும் மெழுகுதலுமே: மழைக்காலத்திற்கு முன் மேற்றளத்தின் தட்டோட்டுச் சந்துகளைச் சுண்ணச் சாந்தால் அடைத்தல், நீர்த்தூம்பில் அடைந்த சருகை அகற்றல், விமானத்து இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை ஓரிலைப் பருவத்திலேயே களைதல், வௌவால் தங்காமற் பார்த்தல். இவற்றிற்கு ஆகும் செலவு யாகசாலைப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறுபங்கும் ஆகாது. ஆனால் அரசங்கன்றைப் பிடுங்கியவர்க்கு மலர் வெளியிடுவாரில்லை. பெயர்பொறித்த பளிங்குக்கல்லும் இல்லை. 12 ஆண்டு வாளாவிருந்து, பின் ஒரு திங்களில் அனைத்தையும் புதுக்குவது என்னும் வழக்கம் இக்குறையால் வளர்ந்ததே. சீகாளத்தியில் கிருட்டிணதேவராயர் 1516-ல் எடுத்த இராசகோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26-ல் அடியோடு சரிந்ததை நாம் மறந்திலேம். அது ஒரேநாளில் விழுந்ததாயினும் அதன்கண் வெடிப்பு ஒரேநாளில் தோன்றியதன்று.

தொல்லியலாரும் குறையில்லாதவர் அல்லர். பருத்திக்குன்றத்துக் கோயில் மாநிலத் தொல்லியல்துறைப் பாதுகாப்பில் உள்ளது, பூசையும் நடக்கின்றது, இவ்விரண்டும் ஓரிடத்தில் நிற்றல் நன்று. ஆயினும் துறையினர் சிலர்க்கு விளக்குப் புகையே பகையாகத் தோன்றுகின்றது; பூட்டே காப்பு என்று எண்ணுகின்றனர். வழிபடுவார் வாராத கட்டடத்தில் அரசங்கன்று முளைத்ததை முதலிற் காண்பவர் யார்? 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே எடுத்து நடத்திய வழக்கில் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற் பொருட்டு 75 கட்டளைகள் பிறப்பித்தது. கட்டளைகள் சீரியன. அவற்றைத் தமிழில் எடுத்தெழுதி ஒவ்வொரு கோயில் வாயிலிலும் தொங்கவிட்டால் திருப்பணிக் குழுவினர் சிலரேனும் படிப்பர். ஒற்றைத்தாளிற் கல்வெட்டுப் படியெடுக்கவும், சுண்ணச் சாந்திற்கும் சிமிட்டிக்கும் வேறுபாடறியவும் நம் ஆதீனப் பாடசாலைகளில் ஓதுவார் மாணவர்க்கு ஓராண்டில் ஒரு திங்கள் பயிற்சி தந்தாலும் தகும். தேவாரம் பாடுமிடத்தின் சுவரில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை ஓதுவார் அறிதல் மிகையாகாது.

மேலே குறித்த சிறு சிவாலயத்தில் மீண்டும் கும்பாபிடேகம் அணுகியுள்ளது. புதிய குழுவினர் எம்மை மறவாது, சாற்றுகவி ஒன்று வேண்டுமென்று கடிதம் விடுத்தனர். தென்புறத்துத் தளத்தில் ஆறு பலகைக் கற்களைப் பெயர்த்துக் குமுதத்தை வெளிப்படுத்தி, அந்நான்கு வரியையும் படியெடுத்து அனுப்பினால் அப்பெண்ணின் பெயரையும் சேர்த்துக் கவி எழுதித் தருவோம் என்று விடையெழுதினோம். இரண்டு திங்களாகின்றன, மறுமொழி வரவில்லை.